மைலோ ஓடிய பத்தாவது சுற்று

டெல்பர்ட் ஸ்டோக்ஸ் புளுகுவார் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவர் புளுக ஆரம்பித்தால், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து கேட்காதவர் எங்கள் ஊரில் ஒருவர்கூட இல்லை. என் அம்மாவைத் தவிர.

வானொலி நிலையம் கோர்ட்டுக்கு எதிரே, ஆணியும் சுத்தியலும் விற்கும் கடையின் மாடியில் இருந்தது. டெல்பர்ட் அங்கே விளையாட்டு வர்ணனையாளர். நான் சத்தம் போடுகிறவள். என் வேலைக்கு அதைவிட நல்ல பெயர் கிடையாது.

எங்கள் பேஸ்பால் குழு உள்ளூரில் ஆடினால் ஊரே நேரில் போய்ப் பார்த்துவிடும், வர்ணனை கிடையாது. வெளியூரில் ஆடினால் வர்ணனையாளரைக் கூடவே அனுப்ப நிலையத்துக்கு வசதி இல்லை. அதனால் ஆட்டம் டெலிபிரிண்டரில், தந்தி மாதிரி தாளில் அச்சாகி வரும். ‘இரண்டாவது ஆள், இடப்பக்கம் அடித்தார், பிடிபட்டார்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, மைதானத்திலேயே உட்கார்ந்திருப்பவர் மாதிரி, வெயில் எப்படிக் காய்கிறது, பந்து வீசுகிறவன் எப்படித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்கிறான், முன்வரிசையில் ஒரு அம்மாள் எப்படிப் பயந்து குனிகிறாள் என்று டெல்பர்ட் அடுக்குவார். அவர் ‘அடித்தார்!’ என்னும்போது கயிற்றில் தொங்கும் மட்டைத் துண்டை நான் பென்சிலால் தட்ட வேண்டும். பிடிபட்டால் தோல் கையுறைக்குள் ஒரு குத்து. கூட்டத்தின் ஆரவாரத்துக்கு இசைத்தட்டு. எங்களிடம் இருந்தது ஒரே தட்டு. அதில் ஓரிடத்தில் யாரோ ஒரு ஆள் நெஞ்சு வெடிக்க இருமுவார். எந்த ஊர் ஆட்டமாக இருந்தாலும் அந்த இருமல்காரர் வந்துவிடுவார்.

1952ஆம் வருஷம் எங்கள் முதலாளிக்கு ஆசை பெருத்துவிட்டது. இனிமேல் உலக விளையாட்டு மொத்தமும் நம் மாடியிலிருந்துதான் என்று சொல்லிவிட்டார். பிப்ரவரியில் ஆஸ்லோவில் பனிச்சறுக்குத் தாண்டல் நடந்தது. துணி துவைக்கும் பலகையில் பட்டுக் காலுறையை மாட்டி, வெண்ணெய்க் கத்தியால் இழுத்து, கடைசியில் மாவு மூட்டையைத் தரையில் போட்டேன். குத்துச்சண்டைக்கு ஒரு மாட்டுத் தொடையை அறைந்தேன். அதை அப்புறம் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டோம், நன்றாக மெத்தென்று இருந்தது. விம்பிள்டனுக்கு நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கி, சாப்பாடே இறங்காமல் போயிற்று. எல்லா இடத்துக்கும் இருமல்காரர் வந்தார். ஆஸ்லோவுக்கும் அவர் வந்ததும் தபால் நிலையத்து மேடம் என்னைத் தெருவில் நிறுத்தினாள்.

“ஏம்மா லிபி, பாவம், அந்த மனுஷனுக்கு யாராவது ஒரு மருந்து வாங்கிக் குடுக்கக் கூடாதா? பனியில போயி நிக்கிறாரே!”

டெலிபிரிண்டர் நடுவில் நின்றுபோவது உண்டு. இடி இடித்தால் நிற்கும், எதுவுமே நடக்காவிட்டாலும் நிற்கும். டெல்பர்ட் அதற்கெல்லாம் அசர மாட்டார். பேஸ்பாலில், அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனால் அது ஃபவுல். கடைசி அடி பாக்கி இருக்கிற ஆட்டக்காரன் எத்தனை ஃபவுல் அடித்தாலும் ஆட்டம் நகராது. லைன் திரும்பி வரும்வரை டெல்பர்ட் அவனை ஃபவுல் அடிக்கவிட்டுக்கொண்டே இருப்பார். நான் தட்டிக்கொண்டே இருப்பேன். கேட்கிறவர்கள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உண்மையில் அந்த ஆள் எப்போதோ அவுட்டாகிக் குளித்துவிட்டுப் போயிருப்பான்.

இந்த லட்சணத்தில்தான் என் தம்பி மைலோ ஒலிம்பிக்ஸுக்குப் போனான்.

மைலோவுக்குச் சின்ன வயசிலிருந்தே வேலிக்கதவைத் திறக்கத் தெரியாது. தாண்டித்தான் போவான். மாட்டை ஓட்டிக்கொண்டு வரச் சொன்னால் வேலியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மாடு மிரண்டு பால் வற்றும் அளவுக்கு ஓடிவருவான். அதைப் பார்த்து லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். கட்டைகளையும் தண்ணீர்ப் பள்ளத்தையும் தாண்டி ஏழரைச் சுற்று ஓடும் பந்தயம் ஒன்று இருக்கிறது, ஸ்டீபிள்சேஸ். அதில் ஓடி ஓடி, அந்த ஜூலையில் ஹெல்சின்கிக்கே போய்விட்டான்.

ஊருக்குப் பைத்தியம் பிடித்தது. பேக்கரிக்காரர் கொலாச்சி பன்களை ஐந்தைந்தாக ஒட்டி ஒலிம்பிக்ஸ் வளையமாகச் சுட்டார். உள்ளே வைக்க ஐந்து நிறத்தில் ஜாம் கிடைக்காமல் ஒன்றில் பட்டாணியை வைத்துவிட்டார். அதையும் வாங்கித் தின்றோம். எங்கள் ஊரில் பாதிக்குமேல் செக் குடும்பங்கள். அதே ஹெல்சின்கியில் பிராகிலிருந்து வந்த ஓட்டக்காரர் ஒருவர் எல்லோரையும் ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்ததால், பீர் கடையில் கிழவர்கள் அவருக்கு ஒரு கோப்பை, மைலோவுக்கு ஒரு கோப்பை என்று மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மைலோ ஓடப்போவது தகுதிச் சுற்றுதான் என்று நான் எவ்வளவோ சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. கோர்ட் புல்வெளியில் மைக்செட் கட்டி, ஊரே உட்கார்ந்து கேட்பதென்று முடிவாயிற்று.

அம்மா மட்டும் எதுவும் பேசாமல் செர்ரிப்பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பந்தயத்துக்கு முதல் நாள்தான் வாயைத் திறந்தாள்.

“ஏண்டி லிபி, அந்த டெல்பர்ட் என் புள்ளைய ஓட்டப் போறானாமே?”

“ஓடறது மைலோதாம்மா. டெல்பர்ட் சொல்லத்தான் போறாரு.”

“அவன் சொல்றது தெரியாதா? போன மாசம் நம்ம டீம் பையன நாய் தொரத்திச்சுன்னு சொன்னான். மைதானத்துல நாயே இல்லையாம். அந்தப் பையனோட அம்மா எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.”

“லைன் போயிடுச்சும்மா. சும்மா உக்கார முடியுமா?”

“நீயும் கொலைச்சிருப்ப.”

குரைத்தது நான்தான்.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “இத பாரு. அவன் ஓடி நான் ஒரு தடவ கூட பாத்தது இல்ல. எங்க பந்தயம் வச்சாலும் பால் கறக்கற நேரத்துலதான் வப்பானுங்க. எனக்குக் காதுல விழறதுதான். அதனால சொல்றேன். வந்தத மட்டும் சொல்லுங்க. வரலன்னா வரலன்னு சொல்லுங்க. தோத்தா தோத்துட்டுப் போறான், பெத்தவ எனக்குத் தாங்கும். பொய்யா ஜெயிக்க வச்சீங்கன்னு வையி, அப்புறம் அவன் நெஜமா என்ன செஞ்சாலும் எனக்குப் பத்தாம போயிடும்டி. அது வேண்டாம்.”

அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சரி என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் காலை டெல்பர்ட்டிடம் சொன்னபோது அவரும் கையைக் கழுத்துப் பட்டையில் வைத்துச் சத்தியம் பண்ணினார்.

“உங்கம்மா மிஸஸ் குபிசெக் மேல ஆணையா, லிபி. ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன். நான் என்ன பொய்யனா?”



ஓடும் சத்தத்துக்கு நான் ஒரு மரப்பெட்டியில் பொடிச் சரளையும் அடுப்புக் கரியும் கலந்து நிரப்பி வைத்திருந்தேன். மைலோவின் பழைய பள்ளிக்கூட ஷூக்களைக் கையில் மாட்டிக்கொண்டு அதில் மாற்றி மாற்றி அழுத்தினால், நிஜமாகவே ஒருவன் ஓடிவருகிற மாதிரி இருக்கும். தண்ணீர்ப் பள்ளத்துக்கு வாளியும் தரைத் துடைப்பமும். ஷூவுக்குள் கையை விட்டபோது அவனுடைய குதிகால் பதிந்த குழி உள்ளங்கையில் தட்டுப்பட்டது. மட்டையைத் தட்டும்போது யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான். இன்று அப்படி இல்லை.

ஒமாஹாவில் செய்தி நிறுவனத்து ஆள் ஒருவர், மைலோவின் ஓட்டத்தைச் சுற்றுக்கு ஒரு வரியாக எங்களுக்கு அனுப்புவதாக ஒத்துக்கொண்டிருந்தார். சொன்னபடி டெலிபிரிண்டர் கடகடத்தது. ‘கிளம்பிவிட்டார்கள். குபிசெக் நடுவில்.’

டெல்பர்ட் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் ஓட ஆரம்பித்தேன்.

முதல் மூன்று சுற்று, சொல்லக் கூடாது, அந்த மனிதர் தங்கமாக நடந்துகொண்டார். வந்ததை வந்தபடி சொன்னார். ‘குபிசெக் ஐந்தாவது’ என்று வந்தால் ஐந்தாவது. தண்ணீர்ப் பள்ளம் வந்தால் நான் துடைப்பத்தை வாளியில் அடித்தேன். ஒரு வெயிலைக்கூட அவர் சேர்க்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் புல்வெளி முழுக்க ஊர் ஜனம், நடுவில் நாற்காலி போட்டு அம்மா, மடியில் ஒரு கிண்ணம் செர்ரி.

நான்காவது சுற்றில் ‘குபிசெக் மூன்றாவது’ என்று வந்தது. கீழே எழுந்த கூச்சலில் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த வரி ‘ஐந்தாவது சுற்று, தண்ணீர்ப் பள்ளத்தில் குபிசெக்’ என்று ஆரம்பித்து, அப்படியே நின்றுவிட்டது.

டெல்பர்ட் என்னைப் பார்த்தார். நான் டெலிபிரிண்டரைப் பார்த்தேன். என் கை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. “லைன் போச்சுன்னு சொல்லுங்க” என்று வாயை மட்டும் அசைத்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே அத்தனை முகமும் மைக்செட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கக் கூடாது.

“தண்ணிப் பள்ளத்துல குபிசெக்!” என்றார். “தாண்டிட்டான்! என்னா தாண்டு!”

துடைப்பத்தை அவர் தலையில் அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் என் கை வாளியில்தான் அடித்தது. பழக்கம் அப்படி. நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் நான் நின்றால் மைலோ நின்றுவிடுவான். அங்கே அவன் என்ன ஆனான் என்று தெரியாமல், இங்கே என் கையால் அவனை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

ஆறாவது சுற்று ஓடினோம். ஏழாவது ஓடினோம். டெலிபிரிண்டர் செத்துக் கிடந்தது. முடித்தால் முடிவு சொல்ல வேண்டும், முடிவோ கையில் இல்லை. அப்போது டெல்பர்ட் ஆயுசு முழுக்கச் செய்ததையே செய்தார். ஃபவுல் அடித்தார். எட்டாவது சுற்றைத் துவக்கினார்.

“இன்னும் ஓடறாங்க! ஒருத்தரும் விட்டுக் குடுக்கல!”

நான் கண்ணால் அவரை எரித்தேன். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது, ஆனால் குரல் என்னவோ ராஜா மாதிரி. ஒன்பதாவது சுற்றில் ஸ்வீடன்காரனுக்குக் கால் பிசகிற்று. பத்தாவது சுற்றில் மைலோ இரண்டாவது இடத்துக்கு வந்துவிட்டான். இசைத்தட்டில் இருமல்காரர் நான்காவது முறையாக இருமினார். பத்தாவது சுற்றின் கடைசித் திருப்பம். டெல்பர்ட் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனிதர் இப்போது மைலோவை ஜெயிக்க வைக்கப் போகிறார். அவரால் இனி நிறுத்த முடியாது.

அப்போது கதவு திறந்தது. அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையை மூடியபடி நேராக மேஜைக்கு வந்தாள். மைக் திறந்திருக்கிறது என்பதோ, அவள் பேசுவது புல்வெளி முழுக்கக் கேட்கும் என்பதோ அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டாள். மூடிய கையை டெல்பர்ட் முன்னால் விரித்தாள்.

“இது என்ன?”

“செ... செர்ரிக் கொட்டை, மிஸஸ் குபிசெக்.”

“எண்ணு.”

“அம்மா, மைக்கு...” என்றேன்.

“நீ சும்மா இரு. எண்ணு டெல்பர்ட்.”

அவர் எண்ணினார். பத்துக் கொட்டை, ஒரு காம்பு.

“காம்பு மொதல்ல ஓடற அரைச் சுத்துக்கு. அப்புறம் சுத்துக்கு ஒரு பழம் தின்னேன். ஏழரைதான்னு என் புள்ள எங்கிட்ட ஆயிரம் தடவ சொல்லியிருக்கான். பத்தரை ஓட்டிட்டியே! இன்னும் எவ்வளவு தூரம்டா அவன வெரட்டுவ? சோறு தண்ணி கெடையாதா அவனுக்கு?”

கீழே யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் புல்வெளியே சிரித்தது. அந்தச் சிரிப்பு மாடிப்படி ஏறி வந்தது. டெல்பர்ட்டின் முகம் செர்ரியைவிடச் சிவந்து போயிற்று. நான் ஷூக்களுக்குள் கையை வைத்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“லைன் போயிடுச்சும்மா” என்றேன். “அஞ்சாவது சுத்துலயே போயிடுச்சு. அவன் என்ன ஆனான்னு எங்களுக்குத் தெரியாது.”

அம்மாவின் முகம் மாறியது. அதுவரை இருந்த கோபம் போய், விரித்த கையை மூடிக் கொட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதுதான் அன்றைக்கு எனக்குத் தாங்க முடியாமல் போன நிமிஷம். ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடக். கடகடகடவென்று அது விழித்துக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து.

டெல்பர்ட் தாளைக் கிழித்தார். கண்ணை ஓட்டினார். வாயைத் திறந்தார், அம்மாவைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

“அப்படியே படி” என்றாள் அம்மா.

அவர் படித்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு தட்டையாக எதையும் படித்ததில்லை. “தண்ணீர்ப் பள்ளத்தில் குபிசெக் இடது ஷூவை இழந்தார். ஒற்றை ஷூவுடன் தொடர்ந்து ஓடினார். ஆறாவதாக முடித்தார். இறுதிப் பந்தயத்துக்குத் தேர்வாகவில்லை.”

நான் என் இடது கையைப் பார்த்தேன். அதில் ஷூ இருந்தது.

“ஷூ போச்சா?” என்றாள் அம்மா. “புதுசு தானே அது!”

கீழே மறுபடி சிரிப்பு. ஆனால் அம்மா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். “ஷூ போன பெறகும் நிக்கலையா? கட்டையெல்லாம் தாண்டினானா? வெறுங்காலோடயா?”

“தாண்டாம முடிக்க முடியாது மிஸஸ் குபிசெக்.”

“அப்ப அத ஓட்டு.”

“எத?”

“நீ ஓட்டினது வேற எவனோ. அந்தத் தண்ணியிலேருந்து, ஒத்த ஷூவோட, ஆறாவதா வந்தானே, அந்தப் பயல ஓட்டு. நான் கேக்கணும். லிபி, நீயும்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு மைக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். டெல்பர்ட் தொண்டையைச் செருமினார். நான் இடது கையிலிருந்த ஷூவைக் கழற்றி எறிந்தேன்.

துடைப்பத்தால் வாளியில் ஒரு அடி. பிறகு வலது கை ஷூவோடு, இடது கை வெறுமனே. சரக், தப். சரக், தப். சரளை உள்ளங்கையைக் குத்தியது. இரண்டாவது சுற்றுக்குள் தோல் உரிந்துவிட்டது. எனக்கு வலித்த ஒவ்வொரு முறையும், அங்கே அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. தோன்றத் தோன்ற இன்னும் பலமாக அழுத்தினேன். டெல்பர்ட் ஒரு வார்த்தை கூட்டவில்லை. “ஓடறான்” என்றார். “கட்டை. தாண்டிட்டான். ஒருத்தன் முந்திட்டான். ஓடறான்.” ஆறாவதாக முடித்தபோது கீழேயிருந்து எழுந்த கூச்சலில் இருமல்காரர் அமுங்கிப் போனார். மாதா கோயில் மணியை எவனோ அடித்துவிட்டான். தங்கப் பதக்கம் வாங்கியிருந்தால்கூட அந்த ஊர் அவ்வளவு கத்தியிருக்காது. டெல்பர்ட் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறார், ஒரு ஷூவைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஒருவனை ஓடவைக்க அவருக்கே தோன்றியதில்லை.

அம்மா எழுந்து என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியால் கரியைத் துடைத்தாள். “போதும் வா, வெண்ணெ தடவறேன்” என்றாள். எனக்கு அதுவே அதிகம்.

மைலோ ஆகஸ்ட் நடுவில் ஊருக்கு வந்தான். ஒரு வாரத்துக்கு அவன் எங்கே போனாலும் அவன் காலைத்தான் பார்த்தார்கள். பீர் கடையில் அவனை உட்காரவைத்து விசாரணையே நடத்தினார்கள்.

“ஏண்டா மைலோ, ரேடியோவுல பத்தரை சுத்து ஓடின. அங்க ஏழரைதான் ஓடினியாம். பாக்கி மூணு சுத்து என்னாச்சு?”

“நான் கிழிஞ்ச காலோட வந்திருக்கேன், இவங்க கணக்கு கேக்கறாங்க பாரு!”

“ஊர ஏமாத்த முடியாது தம்பி. ஓடிட்டுப் போ.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோர்ட்டைச் சுற்றி ஓடுவதென்று முடிவாயிற்று. வைக்கோல் கட்டுகளைத் தெருவுக்குக் குறுக்கே போட்டார்கள். பீர் பீப்பாயைப் பாதியாக அறுத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். எங்கள் முதலாளி மைக்கைக் கோர்ட் படிக்கட்டில் வைத்தார். டெல்பர்ட் ஸ்டோக்ஸ் முதன்முறையாக ஒரு பந்தயத்தைக் கண்ணால் பார்த்து வர்ணிக்கப் போகிறார் என்று காலையிலிருந்தே விளம்பரம் வேறு. அவர் புதுக் கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மைலோ ஒற்றை ஷூவோடு வந்து நின்றான். இடது கால் வெறுமனே. அதற்கே கைதட்டல். அம்மா முன்வரிசையில் நின்றாள். கையில் மூன்று செர்ரிக் கொட்டை. அத்தனை நாளும் ஏப்ரன் பையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

மணி அடித்தது. மைலோ கிளம்பினான். முதல் வைக்கோல் கட்டைத் தாண்டினான்.

டெல்பர்ட் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை.

“சொல்லுங்க” என்று இடித்தேன்.

“லிபி” என்றார் மெதுவாக, “இவன் என்னம்மா இப்படி ஓடறான்!”

“அதத்தான் மைக்குல சொல்லுங்க!”

அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. கையில் தாள் இல்லாமல், கண்ணெதிரே நடப்பதை என்ன செய்வதென்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை. மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்று கத்த ஆரம்பித்தார்.

மைலோ என்னைக் கடந்து போனான். என் தம்பி ஓடுவதை நானும் வயல் வேலிக்கு அப்புறம் பார்த்ததில்லை. நான் கேட்டது அவன் காலடியைத்தான். சரக் இல்லை, தப் இல்லை. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு, காற்றில் துணி அசைகிற மாதிரி போயிற்று. இத்தனை நாளும் நான் அவனை மாட்டு வண்டி மாதிரி ஓட்டியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக்கில் சிரித்தேன்.

“மைலோ வர்றான்” என்றேன். “வைக்கோல் கட்டு. தாண்டிட்டான். சத்தமே கேக்காது, நீங்க ரேடியோவுக்குப் பழுதுன்னு நெனச்சுக்காதீங்க. அவன் ஓடறது அப்படித்தான்.”

ஒரு சுற்று முடிந்ததும் அம்மா ஒரு கொட்டையைத் தோளுக்குப் பின்னால் வீசினாள். இரண்டாவது சுற்றில் பீப்பாய்த் தண்ணீர் தெறித்து முன்வரிசையே நனைந்தது. அடுத்த கொட்டையும் போயிற்று. அம்மா கத்தவில்லை, கைதட்டவில்லை. கண்ணை மட்டும் எடுக்காமல், அவன் போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டு, அவன் கோர்ட்டுக்குப் பின்னால் மறையும்போது நுனிக்காலில் எழும்பி எழும்பிப் பார்த்தாள்.

மூன்றாவது சுற்று முடிந்தது. மைலோ அவள் முன்னால் வந்து நின்று, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினான். “கணக்கு தீந்துச்சாம்மா?”

அம்மா கையைத் திறந்து கடைசிக் கொட்டையைப் பார்த்தாள். அதை வீசவில்லை. ஏப்ரன் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

“நான் சரியா பாக்கல” என்றாள். “தண்ணி கண்ணுல தெறிச்சிடுச்சு. இன்னொரு சுத்து ஓடு.”

ஊர் மொத்தமும் கத்தியது. டெல்பர்ட்டின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர் கத்தின கத்தலில் இருமல் வந்து, நெஞ்சு வெடிக்க இருமினார். மைலோ நிமிர்ந்தான், சிரித்தான், மிச்சமிருந்த ஒரு ஷூவையும் கழற்றி அம்மா கையில் கொடுத்தான்.

“மைலோ மறுபடி ஓடறான்” என்று மைக்கில் சொன்னேன். “அம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க.”

நடந்தது அவ்வளவுதான். அதற்குமேல் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.